ஆளில்லாத படங்கள்

ஆள் இல்லாத படம் படமே இல்லை என்பது அத்தானின் சட்டம். அந்தச் சட்டத்தை அவர் எங்கே படித்தார், யார் எழுதிக் கொடுத்தார்கள் என்று கேட்க அந்தக் குடும்பத்தில் ஒருவருக்கும் வாய் இருந்ததில்லை. மலையை எடுத்தால் மலைக்கு முன்னால் பெரியவள் நிற்க வேண்டும். ஏரியை எடுத்தால் ஏரிக்கு முன்னால் அத்தானே நிற்க வேண்டும். வெறும் மலை, வெறும் ஏரி என்றால் அது காலண்டர் அச்சடிக்கிறவன் வேலை, நமக்கு எதற்கு என்பார். சொல்லிவிட்டுப் போகட்டும், அவரவர் கேமரா அவரவர் இஷ்டம். ஆனால் அந்தச் சட்டத்தைத் தூக்கிக்கொண்டு சின்னவளின் படங்களுக்குள் அவர் நுழைந்தார் பாருங்கள், அதைத்தான் இந்த ஜென்மத்தில் பொறுத்துக்கொள்ள முடியாது.

பயணம் கிளம்பி ஆறாம் நாள் காலை அது. நான்கு ஊர், எட்டு நாள் என்று அத்தான் போட்ட திட்டத்தில் மூன்றாவது ஊர். லாட்ஜ் அறையில் டிவியின் முதுகில் பென் டிரைவைச் செருகிவிட்டு, கட்டிலில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, ரிமோட்டை அமுக்கி அமுக்கிப் படம் காட்டிக்கொண்டிருந்தார். பக்கத்தில் அவர் மனைவி பெரியவள். ஓரமாக ஒரு நாற்காலியில் அவளுடைய தங்கை சின்னவள், ஈரத் தலையைத் துவட்டியபடி. மலை ஊரில் பெரியவள், மலை ஊரில் அத்தான், மலை ஊரில் இருவரும். ரோப் கார் வரிசையில் அத்தான் கொட்டாவி விடுகிறார். ரோப் காருக்குள் பெரியவள் பயத்தில் கண்ணை மூடிக்கொண்டிருக்கிறாள். அடுத்து ஏரி வந்துவிட்டது.

"நான் எடுத்ததெல்லாம் எங்க அத்தான்?" என்றாள் சின்னவள்.

"எல்லாம் இதுலதான் இருக்கு. இதோ நீ நிக்கிறே பாரு."

"நான் நிக்கிறது இல்ல. நான் எடுத்தது."

"ஓ, அந்தக் கதவு, படி, கக்கூஸ்… அதுவா? அது வேஸ்ட்டும்மா. தூக்கிட்டேன். இடத்தை அடைச்சுக்கிட்டு இருந்துச்சு."

ஒட்டடை அடித்துவிட்டேன் என்று சொல்கிற மாதிரிதான் சொன்னார். சின்னவளின் கையில் துண்டு அப்படியே நின்றது.

"எத்தனை படம்?"

"ஒரு நூத்தி எண்பது இருக்கும். ஒரு ஆள்கூட இல்ல அதுல. நான் ஒண்ணொண்ணா பாத்துத்தான் தூக்கினேன், கண்ண மூடிக்கிட்டுத் தூக்கல."

அந்தக் கடைசி வாக்கியத்தில் அவருக்கு ஒரு பெருமை வேறு.

அத்தானைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். கெட்ட மனிதர் இல்லை. அதுதான் தொல்லையே. கெட்ட மனிதர் என்றால் நாம் உஷாராக இருப்போம். ஒரு பெரிய கிடங்கில் ஸ்டோர் கீப்பராக முப்பது வருஷம் இருந்தவர், ஊர் உலகத்தின் பொறுப்பையெல்லாம் கேட்காமலே தலையில் தூக்கிவைத்துக்கொள்வார். பயணத்துக்கு யாரும் லேப்டாப் எடுத்துவரக் கூடாது என்று உத்தரவு போட்டது அவர்தான். லேப்டாப் இரண்டரை கிலோ, அதற்கு ஒரு சார்ஜர், அதற்கு ஒரு பை, அதைக் காவல் காக்க ஒரு ஆள். அது எதுவும் இல்லாமலே படங்களைப் பத்திரப்படுத்தத் தமக்குத் தெரியும் என்று ஒரு சின்ன ஜிப் பையைக் காட்டினார். போனில் செருகுகிற கார்டு ரீடர், இரண்டு பென் டிரைவ், அவற்றைப் போனோடு இணைக்க ஒரு குட்டி ஒயர், பவர் பேங்க், எது எதோடு சேரும் என்று எழுதி ஒட்டிய சீட்டு. தினமும் சாயங்காலம் அறைக்கு வந்ததும் கையை நீட்டுவார். எல்லோரும் மெமரி கார்டைக் கழற்றிக் கொடுக்க வேண்டும். போன் வழியாக முதல் பென் டிரைவுக்கு ஒரு காப்பி, அதிலிருந்து இரண்டாவதுக்கு ஒரு காப்பி. பிறகு கார்டைத் துடைத்துக் காலியாகத் திருப்பிக் கொடுப்பார்.

சின்னவள் முதல் நாள் தானே செய்து பார்த்தாள். அவள் போன் பழசு. பாதி ஏறியதுமே இடமில்லை என்று கைவிரித்துவிட்டது. அத்தான் சிரித்துக்கொண்டே கையை நீட்டினார். "எல்லாம் ரெண்டு இடத்துல இருக்கும்மா, கவலைய விடு" என்றார். அவளும் விட்டாள். ரெண்டு இடத்திலும் இருப்பதைக் கண்ணால் பார்க்காமல் கார்டைக் காலி செய்யாதே என்று அவள் வீட்டுக்காரர் படித்துப் படித்துச் சொல்லி அனுப்பியிருந்தார். அதை அவள் கேட்கவில்லை. அந்தக் கோபமும் இப்போது சேர்ந்து கொதித்தது.

"ஒரு பென் டிரைவ்லதானே தூக்கினீங்க? இன்னொண்ணுல இருக்குமில்ல?"

அத்தான் அவளைப் பரிதாபமாகப் பார்த்தார்.

"ரெண்டுலயும் ஒரே மாதிரி இருந்தாத்தான் அது பேக்கப். இதுல ஒண்ணு, அதுல ஒண்ணுன்னு இருந்தா குழப்பமில்லையா? ரெண்டுலயும் தூக்கிட்டேன்."

ஸ்டோர் கீப்பர் அல்லவா. இரண்டு அலமாரியையும் ஒன்றுபோலச் சுத்தம் செய்துவிட்டார்.

பெரியவள் நடுவில் புகுந்தாள். "விடுடி. கக்கூஸ் படத்துக்கெல்லாமா மூஞ்சியத் தூக்கி வச்சுக்குவே? போற இடத்துல எல்லாம் நீ பாத்ரூமுக்குள்ள போய் டேப்ப வச்சு போட்டோ எடுக்கறதப் பாத்து எனக்கே ஒரு மாதிரியா இருந்துச்சு. லாட்ஜ்காரன் என்ன நெனைப்பான்?"

"நான் என்ன நெனச்சேன்னா," என்றார் அத்தான், "நீ கட்டிங் மாஸ்டர் இல்லையா, வாசலுக்குத் திரை தைக்கறதுக்கு மாடல் பாக்கறேன்னு நெனச்சேன். அளவுதான் எடுத்துட்டியே, அப்புறம் படம் எதுக்குன்னு தூக்கிட்டேன்."

சின்னவள் ஒரு துணிக் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர்தான். நாற்பது பேர் தைக்கிற சட்டைகளுக்கு அவள் ஒருத்தி வெட்டிக் கொடுக்கிறாள். கால் இஞ்சு பிசகினால் ஒரு லாட் துணி போச்சு என்று அறிந்தவள். ஆனால் அந்த நூற்று எண்பது படங்களும் திரைக்காக இல்லை. எதற்காக என்று சொல்லவும் அவளால் வாயைத் திறக்க முடியவில்லை. வாக்குக் கொடுத்திருந்தாள்.

அவள் வீட்டுக்காரர் லிஃப்ட் மெக்கானிக். இருபத்திரண்டு வருஷம் ஊரையெல்லாம் மேலே ஏற்றி இறக்கிக்கொண்டிருந்தவர், ஐந்து வருஷத்துக்கு முன்னால் ஒரு லிஃப்ட் குழிக்குள் ஏணி சரிந்து விழுந்தார். அதிலிருந்து சக்கர நாற்காலி. வீட்டில் ஒரு குறையும் இல்லை, வாசற்படியை உடைத்துச் சரிவு கட்டியாயிற்று, கதவுகளை அகலப்படுத்தியாயிற்று. அந்த வீட்டைத் தாண்டினால்தான் உலகம் முழுக்கப் படியாக இருந்தது.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு தடவை முயற்சி செய்தார்கள். சின்னவள் ஒரு லாட்ஜுக்குப் போன் போட்டு விசாரித்தாள். வீல்சேர் தாராளமா வரும் மேடம் என்றான் ஒரு புண்ணியவான். போய் இறங்கினால் வாசலில் நான்கு படி. முன்னே பின்னே தெரியாத நாலு பேர் சேர்ந்து அவரை மூட்டை மாதிரித் தூக்கி வைத்தார்கள். பாத்ரூம் கதவுக்குள் நாற்காலி நுழையவில்லை. மறுநாள் கிளம்பும்வரை அவர் ஒரு சொட்டுத் தண்ணீர் குடிக்கவில்லை. ஏன் என்று விளக்க வேண்டியதில்லை. வீடு திரும்பியதும் ஒன்றே ஒன்று சொன்னார். "இனிமே என்னை எங்கயும் கூப்பிடாதே."

அவளும் கூப்பிடவில்லை. ஆனால் மலை ஊரில் புதிதாக ரோப் கார் ஓடுகிறது என்ற செய்தியை அவர் பேப்பரிலிருந்து வெட்டி வைத்திருந்ததை அவள் பார்த்தாள். இழுக்கிற மெஷின் மேலே இருக்கிறதா கீழே இருக்கிறதா, கயிறு எத்தனை தடிமன் என்று தனக்குத் தானே பேசிக்கொண்டிருந்ததையும் கேட்டாள். அக்கா குடும்பத்தோடு அந்தப் பக்கம் போகிற பேச்சு வந்தபோது, போய்ப் பார்த்துவிட்டு வந்து சொல்கிறேன், சரியாக இருந்தால் வருவீர்களா என்று கேட்டாள். அவர் அந்தப் பேப்பர் துண்டை மடித்து வைத்துவிட்டுச் சொன்னார்.

"சொல்ற வாய நம்ப மாட்டேன். டேப் வச்சுப் படம் எடுத்துட்டு வா. அது சரியா இருந்தா வர்றேன்."

"அளவ எழுதிக்கிட்டு வர்றேனே."

"எழுதினா உன் ஆசைக்கு நீயே ரெண்டு இஞ்சு கூட்டிப் போட்டுடுவே. டேப்புக்கு ஆசை கிடையாது."

லிஃப்ட் குழிகளைப் படம் எடுக்க வைத்திருந்த தன் கேமராவையும் இரும்பு டேப்பையும் துடைத்துக் கொடுத்தார். அவள் முதல் நாள் போனில் ஒன்றிரண்டு அனுப்பிப் பார்த்தாள். வந்து சேர்வதற்குள் படம் சுருங்கி, டேப்பின் எண் கலங்கிப்போயிருந்தது. அனுப்பாதே, பத்திரமா கொண்டா, டிவியில போட்டுப் பாக்கலாம் என்றார். இன்னொன்றும் சொன்னார். "சகலைக்கு இது தெரிய வேண்டாம். அப்புறம் நான் போகலன்னா அவர் வாயில விழுந்து எந்திரிக்க முடியாது."

இப்போது தெரிகிறதா, அந்தப் படங்களில் ஏன் ஒரு ஆளும் இல்லை என்று. அவர் வரலாமா வேண்டாமா என்பதே அந்த நூற்று எண்பது படங்களில்தான் இருந்தது.

சின்னவள் எழுந்து தலையை முடிந்தாள்.

"என் கார்டக் குடுங்க. அழிஞ்சத எடுத்துக் குடுக்கற கடை இருக்கும்."

"அந்தக் கார்டு என் கேமராவுல கிடக்கு. காலியாத்தானே இருந்துச்சுன்னு மாத்திப் போட்டுக்கிட்டேன்" என்றார் அத்தான்.

கடைத்தெருவில் செல்போன் ரிப்பேர் கடை ஒன்று இருந்தது. ஒற்றை ஷட்டர் அகலம், கண்ணாடிப் பெட்டிக்குள் குடல் உருவிய போன்கள். கடைக்காரர் மூக்குக் கண்ணாடியை நெற்றியில் ஏற்றிக்கொண்டு கார்டையும் இரண்டு பென் டிரைவையும் வாங்கிப் பார்த்தார்.

"அழிச்சதுக்கப்புறம் இதுல வேற ஏதாவது எடுத்தீங்களா?"

சின்னவள் அத்தானைப் பார்த்தாள்.

"கொஞ்சம் வீடியோ," என்றார் அத்தான். "ஏரியில படகு போறது."

"கொஞ்சம்னா?"

"ஒரு ஒண்ணரை மணி நேரம்."

"பென் டிரைவ்லயும் அத ஏத்துனீங்களா?"

"ரெண்டுலயும் ஏத்தினேன் சார். நான் எப்பவுமே ரெண்டு காப்பி."

கடைக்காரர் கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். "சார், நான் பதினஞ்சு வருஷமா இந்தத் தொழில்ல இருக்கேன்" என்று ஆரம்பித்து, ஒரு பெண்பிள்ளை பக்கத்தில் நிற்பதைப் பார்த்து அதோடு நிறுத்திக்கொண்டார். அழித்தது அழிந்த இடத்திலேயே கிடக்கும், மேலே வேறு ஒன்று ஏறாதவரை தோண்டி எடுக்கலாம், நீங்கள் மேலேயே வீடு கட்டிவிட்டீர்கள் என்று சின்னவளிடம் மெதுவாக விளக்கினார். இருந்தாலும் முயன்று பார்க்கிறேன் என்றார்.

இரண்டு மணி நேரம் ஸ்டூலில் காத்திருந்தார்கள். பதினோரு படம் வந்தது. பத்துப் படங்களில் மேல் பாதிதான் இருந்தது, கீழ்ப் பாதி முழுக்கச் சாம்பல் பூசியிருந்தது. கதவின் மேல் சட்டம் இருக்கிறது, குறுக்கே பிடித்த டேப் இல்லை. ரோப் கார் கூண்டின் ஜன்னல் இருக்கிறது, தரையும் கூண்டும் சேர்கிற இடம் இல்லை. முழுசாகப் பிழைத்து வந்தது ஒரே ஒரு படம். கழிப்பறையின் ஃபிளஷ் டாங்கி.

அதைப் பார்த்து அத்தான் சிரித்துவிட்டார். வேண்டுமென்று இல்லை, வாய் தவறிச் சிரித்தார்.

"இதுக்குத்தான் ரெண்டு மணி நேரமா?"

சின்னவள் ஸ்டூலிலிருந்து எழுந்தாள். வாக்காவது ஒன்றாவது. நூற்று எண்பது போனதோடு அதுவும் போகட்டும்.

"அது உங்க சகலைக்காக எடுத்தது அத்தான். அவர் ரெண்டு வருஷமா வீட்ட விட்டு வெளிய வரல. ஆஸ்பத்திரியத் தவிர அவர் பாத்த ஊர் கிடையாது. நீங்க வேஸ்ட்டுன்னு தூக்குனீங்களே, அந்தக் கதவுக்குள்ள அவர் சேர் போகுமா போகாதான்னு நான் முட்டி போட்டு எடுத்த படம் அது. அந்தக் கக்கூஸுக்குள்ள அவர் போக முடிஞ்சாத்தான் அவர் ஒரு வாய் தண்ணி குடிப்பாரு. உங்களுக்கு அது சிரிப்பு. ஆள் இல்ல ஆள் இல்லன்னு சொன்னீங்களே, அது அவர் வர்றதுக்காக நான் விட்டு வச்ச இடம்."

கடைக்காரர் ஷட்டருக்கு வெளியே தெருவைப் பார்க்கத் தொடங்கினார். அத்தான் பென் டிரைவ்களை எடுத்து ஜிப் பைக்குள் போட்டு மூடினார்.

"சொல்லியிருக்கலாமேம்மா" என்றார் கடைசியில்.

"கேட்டிருக்கலாமே அத்தான். நூத்தி எண்பத ஒண்ணொண்ணா பாத்துத் தூக்கத் தெரிஞ்சவருக்கு, இது என்னதும்மான்னு ஒரு வார்த்த கேக்கத் தெரியலையா?"

அறைக்குத் திரும்பியதும் பெரியவள் அழுதாள். அழுது முடித்து மூக்கைச் சிந்திக்கொண்டு ஒரு யோசனை சொன்னாள். "அளவெல்லாம் உனக்கு ஞாபகம் இருக்குமில்ல. சரியா இருந்துச்சுன்னு நீயே சொல்லிடேன். பொண்டாட்டி சொன்னா நம்ப மாட்டாரா?"

"நம்புவாரு. அதான் சொல்ல மாட்டேன்."

அவள் பையைக் கட்ட ஆரம்பித்தாள். மலை ஊருக்கு அங்கிருந்து பஸ்ஸில் ஐந்து மணி நேரம். கடைசி ஊரும் வேண்டாம், மண்ணும் வேண்டாம். டிக்கெட் வீணாகிறது, அறைக்கு முன்பதிவு செய்தது வீணாகிறது என்று பெரியவள் அடுக்கியது எதுவும் அவள் காதில் ஏறவில்லை. ஜிப்பை இழுத்து மூடிவிட்டு அத்தான் பக்கம் திரும்பினாள்.

"கிளம்புங்க. நீங்களும்தான் வர்றீங்க."

"நான் எதுக்கு?"

"படத்துல ஆள் வேணும்னு சொன்னீங்கள்ல."

மறுநாள் காலை மூவரும் பஸ் ஏறினார்கள். அத்தான் ஒரு தடவை முறுக்குப் பொட்டலத்தை நீட்டினார், அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

மலை ஊரில் ரோப் கார் நிலையமும் அவர்கள் முன்பு தங்கிய லாட்ஜும் எதிரும் புதிருமாக இருந்தன. ரோப் கார் ஆப்பரேட்டர் சின்னவளை அடையாளம் கண்டுகொண்டார். போன தடவை கூண்டை நிறுத்தி வைத்து அவள் டேப் பிடிக்க விட்டவர் அவர். நடந்ததைச் சொன்னதும், அவசரத்துக்கு என்று நிலையத்தில் வைத்திருந்த சக்கர நாற்காலியைத் தூசி தட்டிக் கொடுத்தார். சின்னவள் அதன் அகலத்தை அளந்தாள். வீட்டில் இருப்பதும் இதுவும் ஒரே அளவு, இருபத்தைந்து இஞ்சு.

"உக்காருங்க அத்தான்."

"நானா? நல்லா இருக்கற மனுஷன இதுல உக்காரச் சொல்றியே."

"அவரும் நல்லா இருந்த மனுஷன்தான்."

அத்தான் உட்கார்ந்தார். பெரியவள் தள்ள வந்தாள். சின்னவள் விடவில்லை. அவர் யாரையும் தள்ள விடுவதில்லை, இவரும் கையால் உருட்டிக்கொண்டுதான் வர வேண்டும் என்றாள்.

சரிவுப் பாதையில் ஏறி டிக்கெட் ஜன்னலுக்குப் போய்ச் சேர்வதற்குள் அத்தானுக்கு மூச்சு வாங்கியது. ஜன்னல் அவர் தலைக்கு மேலே இருந்தது. உள்ளே இருந்தவர் எட்டிப் பார்த்து, அத்தானைத் தாண்டி, பின்னால் நின்ற சின்னவளிடம் கேட்டார். "அவருக்கும் சேத்து டிக்கெட் வேணுமா? அவரு பயப்படாம உக்காருவாரா?"

"என்கிட்ட கேளுங்க சார்," என்றார் அத்தான் கீழேயிருந்து. "எனக்கு வாய் இருக்கு."

"சரி சரி" என்று டிக்கெட்டைச் சின்னவள் கையில்தான் கொடுத்தார் அவர்.

அத்தானின் முகம் சிவந்து போயிற்று. முப்பது வருஷம் ஸ்டோர் கீப்பராக இருந்த காலத்தில் அவர் கையெழுத்து இல்லாமல் ஒரு ஆணி தாண்டியதில்லை. அந்த முகத்தைச் சின்னவள் அப்படியே ஒரு படம் எடுத்தாள். அதுவரை டேப் இல்லாமல் எடுத்த படம் அது ஒன்றுதான்.

கூண்டு வந்து நின்றது. தரைக்கும் கூண்டுக்கும் நடுவில் இரண்டு இஞ்சு இடைவெளி, அரை இஞ்சு ஏற்றம். சின்ன முன்சக்கரம் இடைவெளியில் மாட்டியது. அத்தான் முன்னும் பின்னும் உருட்டிப் பார்த்தார், நடக்கவில்லை. ஆப்பரேட்டர் ஒரு ரப்பர் பலகையைக் கொண்டுவந்து போட்டதும் ஏறிவிட்டது. பலகை இல்லாமல் ஒன்று, பலகையோடு ஒன்று, பலகையின் நீள அகலத்துக்கு ஒன்று என்று எடுத்துக்கொண்டாள். இழுக்கிற மெஷின் மேலே இருக்கிறதா கீழே இருக்கிறதா என்றும் கேட்டாள். கீழேதான் என்று ஆப்பரேட்டர் கம்பிக் கதவைத் திறந்து காட்டினார். அதையும் எடுத்தாள். சில படங்கள் எடுத்ததுமே அங்கேயே உட்கார்ந்து, பெரியவளின் புதுப் போனில் ஒரு காப்பி, தானே கடையில் வாங்கிய பென் டிரைவில் ஒரு காப்பி. ஒவ்வொன்றையும் திறந்து, பெரிதாக்கி, டேப்பின் எண் தெளிவாகத் தெரிகிறதா என்று பார்த்த பிறகுதான் எழுந்தாள். கார்டை யாரிடமும் கொடுக்கவில்லை. அத்தான் பழக்கதோஷத்தில் ஒரு தடவை கையை நீட்டி, அவள் பார்த்த பார்வையில் கையை மடக்கிக்கொண்டார்.

பிறகு லாட்ஜ். கீழ்த்தள அறை, வாசலில் படி இல்லை, அறைக் கதவு தாராளம். பாத்ரூம் கதவுச் சட்டம் இருபத்தேழு இஞ்சு. போன தடவையும் அதே அளவைத்தான் டேப் பிடித்து எடுத்து, இரண்டு இஞ்சு மிச்சம் என்று மனசு குளிர்ந்திருந்தாள். அத்தான் சக்கரத்தை உருட்டிக்கொண்டு வாசலுக்குள் போனார். பாதி போனதும் ஆவென்று கையை இழுத்துக்கொண்டார். விரல் முட்டிகளில் தோல் வழன்றிருந்தது.

சின்னவள் குனிந்து பார்த்தாள். கதவைத் திறந்து வைத்தால் அந்தப் பலகையின் கனம் வாசலுக்குள்தான் நிற்கிறது. அது ஒன்றரை இஞ்சைத் தின்றுவிடுகிறது. நாற்காலி போகும். நாற்காலியை உருட்டுகிற கை போகாது. கையை மடியில் வைத்துக்கொண்டால் யார் உருட்டுவது? நடு வாசலில் மாட்டிக்கொண்டு, யாராவது வாங்களேன் என்று கூப்பிட வேண்டியதுதான். மறுபடியும் அதே கதை ஆகியிருக்கும். அவள் கதவுச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டாள்.

அத்தான் அதைப் பார்த்தார். பார்த்துவிட்டு முகம் மலர்ந்தார். "அப்போ ஒரு வகையில பாத்தா, நான் அந்தப் படத்த அழிச்சது…"

சின்னவள் இழுத்துப் பிடித்திருந்த டேப்பை விட்டாள். அது சடாரென்று டப்பாவுக்குள் போய் விழுந்தது.

"அந்த வாக்கியத்த முடிச்சீங்கன்னா, இந்தச் சேரோட உங்கள இந்த வாசல்லயே விட்டுட்டுப் போயிடுவேன்."

அவர் முடிக்கவில்லை.

லாட்ஜ் மேனேஜரம்மா வந்து பார்த்தார். கதவை எடுத்துவிட்டால் முழு இருபத்தேழும் கிடைக்கும் என்று சின்னவள் சொன்னாள். "எங்க ஆளுங்க கழட்ட மாட்டாங்கம்மா. நீங்களே கழட்டி, போறப்ப நீங்களே மாட்டிட்டுப் போனா எனக்கு ஆட்சேபணை இல்ல" என்றார் அவர். கதவு இல்லாத வாசலுக்கு ஒரு திரை தைக்க வேண்டியிருக்கும். அதை முதலிலேயே சொன்ன அத்தானின் வாய்க்குச் சர்க்கரை போட வேண்டும்தான். போட மாட்டாள். கதவின் மூன்று கீலையும் ஒவ்வொரு திருகாணியும் தெரிகிற மாதிரிக் கிட்டப் போய் எடுத்தாள். அந்த வாசலில் அத்தானின் தோலுரிந்த கையையும் எடுத்தாள்.

அடுத்த நாள் சாயங்காலம் வீட்டில் டிவியில் பென் டிரைவைச் செருகினாள். வீட்டுக்காரர் நாற்காலியை டிவிக்கு ஒரு முழம் தள்ளிக் கொண்டுவந்து நிறுத்திக்கொண்டார். ரிமோட்டை அவரே வாங்கிக்கொண்டார். முதல் படத்திலேயே நிமிர்ந்தார்.

"இது சகலையா?"

அவள் எல்லாவற்றையும் சொன்னாள். வாக்குத் தவறியதையும் சொன்னாள். அவர் அடுத்த படத்துக்கு அமுக்கினார். டிக்கெட் ஜன்னலுக்குக் கீழே அத்தான் சிவந்த முகத்தோடு அண்ணாந்து பார்க்கிற படம் வந்தது. அதில் டேப் இல்லை, அளவு இல்லை. அந்தப் படத்தில்தான் அவர் எல்லாவற்றையும்விட அதிக நேரம் நின்றார்.

"டிக்கெட்ட உன் கையில குடுத்தானா?"

"ஆமா."

"சகலை என்ன சொன்னாரு?"

"எனக்கு வாய் இருக்குன்னாரு."

அவர் தலையை மட்டும் ஆட்டினார். ரப்பர் பலகை, கம்பிக் கதவுக்குப் பின்னால் மெஷின், இருபத்தேழு இஞ்சு, தோலுரிந்த விரல் முட்டி என்று வரிசையாகப் போயிற்று. கடைசியில் கதவுக் கீல். அதைப் பெரிதாக்கினார். திருகாணியின் தலை டிவி முழுக்க வந்து நின்றது. இடமும் வலமும் நகர்த்தி மூன்று கீலையும் எண்ணினார். சின்னவள் நாற்காலிக்குப் பின்னால் நின்றாள். அத்தான் மேல் இருந்த ஆத்திரம் இன்னும் ஒரு சொட்டுக்கூடக் குறையவில்லை, அது பாட்டுக்கு நெஞ்சில் கிடந்தது.

"துருப் பிடிச்சிருக்கு," என்றார் அவர், திரையைவிட்டுக் கண்ணெடுக்காமல். "பரண்ல என் டூல்ஸ் பெட்டி இருக்கு பாரு. அதுல இருக்கற பெரிய ஸ்க்ரூடிரைவர எடுத்துப் பையில வை."